சைபர் அண்ணை நிரப்பிய பெட்டிகள்

எழுதுவது என் வேலையில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். வாரம் தவறாமல் பத்திரிகை வாசிக்கிற உங்கள் முன்னால் இப்படி வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஆனால் சைபர் அண்ணையைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆளில்லை. எங்கள் அலுவலகத்தை நடத்திய ரீச்சர் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். எங்கள் அலுவலகம் இருந்த அறையில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாம்புக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள், பேய்க்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். வெறும் பெட்டிக்குப் பயந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெட்டி என்றால் மரப்பெட்டி அல்ல. படிவங்களில் எழுதுவதற்கு விட்டிருப்பார்களே, சின்னச் சின்னக் கட்டம், அது. அதில் ஒன்று நிரப்பாமல் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை காய்ச்சலோடு ஆசுப்பத்திரிக்குப் போனவர், ‘ஒவ்வாத உணவு’ என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு, அதில் ‘கத்தரிக்காய்’ என்று எழுதிவிட்டார்.

“கத்தரிக்காய் உங்களுக்கு ஒவ்வாதோ அண்ணை?” என்று கேட்டேன்.

“ஏன் ஒவ்வாது? நல்லா ஒவ்வும். ஆனால் பெட்டி சும்மா கிடக்குதல்லோ.”

ஆசுப்பத்திரி வாட்டில் இருந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கத்தரிக்காய்க் கறி சாப்பிட, இவர் வெறும் பருப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் திருந்தவில்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் தெரியாத கட்டங்களில் எல்லாம் ‘க’ என்று நிரப்பி அனுப்புவார். பண்டத்தரிப்பிலிருந்து கோப்பாய்க்குத் தினமும் சைக்கிளில்தான் வருவார். பஸ்ஸில் வந்தால் பக்கத்து இருக்கை சில நேரம் வெறுமையாக இருந்து அவரைக் கரைச்சல்படுத்துமாம்.

எங்கள் அலுவலகம் கோப்பாயில் ரீச்சர் நடத்திய திருமண சேவை நிலையம். ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நான் படங்களை உறையில் போட்டு, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கிற ஆள். பெண் மாப்பிள்ளை விபரங்களைக் கணினியில் ஏற்றி, பொருந்துகிறவர்களைத் தேடித் தருகிற மென்பொருளைச் செய்தவர் அண்ணை. அதற்கு முன் ஏதோ தனியார் வகுப்பில் கணினி படிப்பித்தாராம்.

மென்பொருள் செய்யும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, ஒரு ஆள் தன்ரை வயதைச் சொல்லாமல் விட்டால் கணினி என்ன போட வேணும்?”

“ஒண்டும் போடாமல் விடலாமே அண்ணை.”

கைக்குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டு வரச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“வீட்டுக்கு வந்த ஆள் வாய் திறந்து ஒண்டும் கேக்காட்டில் சும்மா அனுப்புறமோ? பால் விடாத ஒரு பிளேன்ரீ எண்டாலும் குடுக்கிறம் அல்லோ? அதுமாதிரி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளேன்ரீ இருக்க வேணும். அதுக்குப் பேர்தான் டிபோல்ட்.”

முதல் தடவை இலக்கம் எழுதும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பிளேன்ரீயாகச் சைபரைக் கொடுத்துவிட்டார். சுவிஸிலிருந்து தங்கை மகனுக்குப் பெண் தேடி வந்த ஒரு பெரியவர் கணினித் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வயது 0, உயரம் 0, படிப்பு பட்டதாரி.

“இதென்ன தம்பி, கோப்பாயிலை தொட்டில் பிள்ளையளும் பட்டம் எடுக்குதுகளோ?”

அன்றைக்கு ரீச்சர் வைத்த பெயர்தான் சைபர். முகத்துக்கு நேரே ‘அண்ணை’, முதுகுக்குப் பின்னால் ‘சைபர் அண்ணை’.

அவர் மனம் நொந்து, வயதின் டிபோல்ட்டை முப்பது ஆக்கினார். இரகசியம் எப்படியோ வெளியில் போய்விட்டது. வயதை எழுதாமல் விட்டால் கணினி முப்பது என்று சொல்லும் என்ற செய்தி கோப்பாயிலிருந்து கீரிமலை வரை பரவ, அதன் பிறகு தாய்மார் ஒருவரும் வயது எழுதவில்லை. எங்கள் நிலையத்தில் முப்பதைத் தாண்டிய பெண்ணே இல்லாமல் போனாள். ஒரு தாய் அண்ணையின் மேசைக்கு வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, மூத்தவளுக்கும் முப்பது, இளையவளுக்கும் முப்பது எண்டு காட்டுது. இளையவளுக்கு மட்டும் அந்த டிபோல்ட்டைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோவன்.”

உயரத்துக்கு ஐந்தடி நாலங்குலம் போட்டார். அதை நம்பிக் கோயில் வீதியில் காத்திருந்த பெண் வீட்டாருக்கு முன்னால், வாசல் நிலையில் தலை முட்டாமல் குனிந்து வெளியே வந்தார் ஒரு மாப்பிள்ளை. பெண்ணின் தகப்பன் அண்ணாந்து பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “நாங்கள் கேட்டதிலும் ஒரு அடி கூடக் கிடக்கு தம்பி. மிச்சத்தை என்ன செய்யிறது?”

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. சிரிப்போடு போகாதது பாவப் புள்ளி.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செவ்வாய், சனி, இராகு போன்ற கிரகங்கள் ஒருவருடைய சாதகத்தில் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்து, சாத்திரியார் கூட்டிச் சொல்லும் ஓர் இலக்கம் அது. எங்கள் பக்கத்துத் திருமண விளம்பரங்களில் பெயர் இல்லாவிட்டாலும் அது இருக்கும். குறைவாக இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், பெண்ணின் இலக்கமும் மாப்பிள்ளையின் இலக்கமும் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு ஆயுசு காணாது என்பார்கள்.

ஆனால் இடம்பெயர்வில் சாதகத்தைத் தொலைத்தவர்களுக்கு? பிறந்த நேரத்தை அறிந்த தாய் தகப்பனும் போய்விட்டவர்களுக்கு? அந்தப் பெட்டியில் என்ன போடுவது? அண்ணை நாட்கணக்காகச் சாப்பாட்டை மறந்து யோசித்தார். பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள்கூட அவ்வளவு யோசிக்கமாட்டார்கள். கடைசியில் மறுபடியும் சைபரிலேயே வந்து நின்றார்.

ரீச்சர் குதித்தார். “சைபர் எண்டால் இல்லை எண்டு அர்த்தம் காணும்! தெரியாது எண்டு அர்த்தம் இல்லை!”

“ரீச்சர், நீதிமன்றத்திலை குற்றத்தை நிரூபிக்காட்டில் ஆள் சுற்றவாளி, குற்றமில்லாதவன். சாதகம் துலைஞ்ச பிள்ளையள் என்ன குற்றம் செய்ததுகள்? நாங்கள் ஏன் அதுகளைக் கூண்டிலை ஏத்துவான்?”

நானும் அண்ணையின் பக்கம்தான் நின்றேன். ஏனென்றால் அந்தப் பதிவுகளில் ஒன்று என் தங்கச்சி வதனியுடையது. நாற்பதுக்குக் கிட்டிவிட்டாள். வீட்டில் இருந்து தைக்கிறாள். ஒவ்வொரு சம்பந்தமும் ‘பிறந்த நேரம்?’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். நான் அண்ணன், அவளுக்கு எட்டு வயது மூத்தவன். அவள் பிறந்தபோது என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பனங்காய்ப் பணியாரம் தின்றது ஞாபகம் இருக்கிறது. நேரம் ஞாபகம் இல்லை.

சைபர் போட்டுச் சில நாளிலேயே வதனிக்குச் சம்பந்தம் வந்தது. குகன் என்று பெயர். கீரிமலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை. அவருடைய பாவப் புள்ளி வெறும் மூன்று. அவ்வளவு சுத்தமான சாதகம் ஒரு மனிதருக்கு வரக்கூடாது. அந்த இலக்கத்துக்குக் கிட்ட ஒரு பெண்ணும் இல்லாததால் நாற்பதைத் தாண்டியும் தனியாக இருந்தார். கணினி மூன்றுக்குப் பக்கத்தில் சைபரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

“பார்த்தியோ அண்ணா,” என்றாள் வதனி. “பள்ளிக்கூடத்திலை சைபர் எடுத்தால் அடி. இஞ்சை எடுத்தால் மாப்பிள்ளை.”

கீரிமலைக் கோயிலில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொலைபேசியில் கதைத்தார்கள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு தையல் இயந்திரம் நிற்கும் அளவுக்கு. ஒரு நாள் சட்டை ஒன்றுக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டாள். “அந்த ஆளும் ஆருக்கோ முன் பிரேக்கைக் கொண்டுபோய்ப் பின்னாலை பூட்டிப்போட்டாராம்,” என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டுக் கனகாலம்.

குகனின் தாய் தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைக்கத் தங்கள் சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம்.

“சைபரோ? மனுசப் பிறவிக்குச் சைபர் வராது! அந்தப் பிள்ளையின்ரை சாதகக் குறிப்பைக் கொண்டு வாங்கோ. வச்சுக் கும்பிட வேணும்.”

கும்பிடுவதற்குக் குறிப்பு இருந்தால்தானே. அடுத்த வெள்ளிக்கிழமை குகனின் தாய் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த மனுசி. வெயிலில் வந்த களைப்பிலும் வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஆர் இஞ்சை சைபர்?”

சைபரைப் போட்டது யார் என்றுதான் அவர் கேட்டார். ரீச்சரும் நானும் ஒன்றாக அண்ணையைக் காட்டினோம்.

அண்ணை எழும்பி நின்றார். “நான்தான் அம்மா. அது சாத்திரியார் போட்ட சைபர் இல்லை. நான் போட்டது.”

“நீர் என்ன, சாத்திரம் படிச்சனீரோ?”

“இல்லை அம்மா. கொம்பியூட்டர்.”

“அப்ப அந்தப் பிள்ளையின்ரை புள்ளி என்ன?”

“தெரியாது அம்மா.”

“தெரியாததை எப்பிடி ஐயா போட்டனீர்?”

அண்ணையின் வாய் அசைந்தது. பிளேன்ரீக் கதையும் வரவில்லை, சுற்றவாளிக் கதையும் வரவில்லை. “பெட்டி வெறுமையாக் கிடந்தது அம்மா,” என்றார்.

அந்த மனுசி கத்துவார் என்று பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்:

“எனக்கும் விருப்பம்தான் தம்பி, அந்தப் பிள்ளையிலை. ஆனால் என்ரை கலியாணத்துக்கு ஒருத்தரும் குறிப்புப் பார்க்கேல்லை. குகன் கைப்பிள்ளையாய் இருக்கேக்கையே அவர் செத்துப்போட்டார். அந்தப் பயம் எனக்குப் போகாது.” பிறகு அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். “செய்த பிழையை முகத்துக்கு நேரை ஒத்துக்கொண்டனீர். நீர் போய் அந்தப் பிள்ளை பிறந்த நேரத்தை விசாரியும். நீர் வந்து உம்மடை வாயாலை சொன்னால் நான் ஏற்கிறன். வேறை ஆர் சொன்னாலும் நம்பமாட்டன்.”

அன்று தொடங்கிச் சைபர் அண்ணை வேறு ஆளாகிவிட்டார். முதல் வேலையாக, தனக்குத் தண்டனை கொடுப்பதுபோல, சாதகம் தெரியாத எல்லோருக்கும் சைபரை அழித்துத் தொண்ணூற்றொன்பது போட்டார். காலையில் வந்த ஒரு தகப்பன் திரையைப் பார்த்துவிட்டுக் குடையை ஓங்கினார்: “இராவணனுக்கும் இவ்வளவு வந்திராது! என்ரை பிள்ளை உங்களுக்கு என்னடா செய்தது?”

அதையும் அழித்தார். பிறகு, பெட்டிகளை நிரப்பியே வாழ்ந்த அந்த மனிதர், எல்லாவற்றையும் வெறுமையாகவே விட்டார். அதோடு அவர்கள் எல்லோரும் தேடலிலிருந்து மறைந்தே போனார்கள். எந்த இலக்கத்தைக் கொடுத்துத் தேடினாலும் வரவில்லை. சாதகம் இல்லாத பெண்ணுக்குச் சாதகம் இல்லாத மாப்பிள்ளையாவது வருவாரா என்று பார்த்தால், அதுவும் இல்லை.

“ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை. ஒண்டுக்கொண்டு பொருத்தம்தானே அண்ணை?” என்றேன்.

அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியையும் என் சாப்பாட்டுப் பெட்டியையும் மேசையில் வைத்தார். “திறக்காமல் சொல்லும். இதுக்குள்ளை என்ன?”

“தெரியாது.”

“உதுக்குள்ளை?”

“உதுவும் தெரியாது.”

“ரெண்டும் ஒரே சாப்பாடோ?”

“தெரியாது அண்ணை.”

“கணினியும் அதைத்தான் சொல்லுது,” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடவில்லை.

பிறகு வதனியின் பிறந்த நேரத்தைத் தேடிப் புறப்பட்டோம். பிறப்புப் பத்திரத்தில் திகதிதான் இருந்தது. வீட்டில் பிறந்தவள். பேறு பார்த்த மருத்துவிச்சி எப்போதோ காலமாகிவிட்டார். மிஞ்சியிருந்தவர் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்வளவில் இருந்த அக்கா. இப்போது அவருக்குக் கண்ணும் தெரியாது.

“ஞாபகம் இல்லாமல் என்ன?” என்றார் அக்கா உற்சாகமாக. “அடுப்பிலை கஞ்சி பொங்கின நேரம்.”

அண்ணை பேனாவை எடுத்தார். “காலமைக் கஞ்சியோ, பின்னேரக் கஞ்சியோ அக்கா?”

“அது தெரியாது அப்பன். ரெண்டு நேரமும் கஞ்சிதான்.”

சித்தப்பா ஒருவர் தபால்காரர் வந்த நேரம் என்றார். அவருடைய மனைவி, அன்றைக்குத் தபாலே வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றார். இரண்டு பேரும் எங்களை மறந்து, தங்கள் கலியாணத்தில் நடந்த பிழைகளைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். முந்திய சைபர் அண்ணையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நேரத்தைப் போட்டுவிட்டு வந்திருப்பார். இந்த அண்ணை பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

ரீச்சருக்குப் பொறுக்கவில்லை. “ஆறு மணி எண்டு சொல்லித் துலையும் காணும்! உலகத்திலை பாதிப்பேர் ஆறு மணிக்குத்தான் பிறக்குதுகள்.” குகனே ஒரு மத்தியானம் கையில் கிறீஸோடு வந்து நின்றார். “அண்ணை, அம்மாவுக்கு உங்கடை ஒரு சொல்லுப் போதும். மூண்டுக்குக் கிட்ட வாற மாதிரி ஒரு நேரத்தை நான் சாத்திரம் தெரிஞ்ச ஒராளிட்டைக் கேட்டு எடுத்துத் தாறன். நீங்கள் சொன்னால் மட்டும் காணும்.”

“உமக்கு அவவிலை விருப்பமோ?” என்று கேட்டார் அண்ணை.

“ஓம் அண்ணை.”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். குகன் கைக் கிறீஸைத் துணியில் துடைத்துவிட்டுப் போனார்.

மறு வாரம் அண்ணையும் நானும் கீரிமலைக்குச் சைக்கிளில் போனோம். நான் வழி முழுக்கக் கெஞ்சினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

“அண்ணை, கத்தரிக்காய்க்கு எழுதினியள். வயதுக்கு எழுதினியள். குறுக்கெழுத்துக்கு எழுதினியள். என்ரை தங்கச்சிக்கு மட்டும் ஏன் எழுதமாட்டியள்?”

“தம்பி, அப்ப ஒருத்தரும் என்னை நம்பேல்லை,” என்றார். “சும்மா நிரப்பினன். இப்ப அந்த மனுசி என்ரை வாயைப் பார்த்துக்கொண்டிருக்குது. நாளைக்கு அந்த வீட்டிலை ஒருத்தருக்குத் தலையிடி காய்ச்சல் எண்டாலும் நான் சொன்ன நேரத்தைத்தான் நினைக்கும்.”

குகனின் தாய் எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கடல் காற்றில் யன்னல் சீலை அடித்துக்கொண்டிருந்தது. குகன் அறைக் கதவோடு நின்றார்.

“சொல்லும் தம்பி. எத்தினை மணி?”

அண்ணை வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஆறு என்று சொல்லுங்கோ, ஏழு என்று சொல்லுங்கோ, கடவுளே, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கோ என்று நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“தெரியாது அம்மா,” என்றார்.

அந்த மனுசியின் கண் கலங்கியது. பிறகு, நாங்கள் நினைத்தும் பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

“ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லியிருக்கலாமே தம்பி. நான் நம்பியிருப்பன்.”

“அதாலைதான் அம்மா சொல்லேல்லை,” என்றார் அண்ணை.

குகன் அறைக்குள் போய்விட்டார். நாங்கள் எழும்பி வந்தோம். வழி முழுக்க நான் அண்ணையை விட்டு முன்னால் மிதித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு ஒழுங்கை வந்ததும் அவர் பண்டத்தரிப்புப் பக்கம் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. என் பின்னாலேயே வந்து, சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, உள்ளே வந்து வதனியின் முன்னால் நின்றார்.

“பிள்ளை, நான் உம்மடை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன். முதலும் கெடுத்தன், இண்டைக்கும் கெடுத்தன்.”

வதனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் கேட்காமலே எல்லாம் விளங்கிவிட்டது.

“இருங்கோ அண்ணை. நிண்டு கொண்டு கதைக்கிறியள்,” என்றாள். பிறகு சொன்னாள்: “நீங்கள் அந்தச் சைபரைப் போட்டிருக்காட்டில் எனக்கு அதுவும் இல்லை. ஒரு ரெண்டு மாதம் என்னிலை ஒரு குறையும் இல்லையெண்டு ஊர் முழுக்க நம்பினது. எனக்கு நல்லாத்தான் இருந்தது.”

அண்ணை உட்காரவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்தது நிறைய. அதை அப்படியே விட்டுவிட்டு, துடைப்பதற்கு ஒரு துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் குகனின் தாய் வதனியின் படத்தை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினார். மத்தியானம் சைபர் அண்ணை அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டில் கொடுத்தார். வதனி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார்.